லாந்தனம் அமைடு வினையூக்கி: கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டறிவது, எப்படிப் பத்திரமாகக் கையாள்வது?

எழில்வேதி எழுதியது:

வணக்கம். சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் வினையூக்கி லாந்தனம் ட்ரிஸ் பிஸ்-ட்ரைமெத்தில்சிலைல் அமைடு. நீளமான பெயர் என்பதால் இந்த இழையில் லாந்தனம் அமைடு என்றே எழுதுகிறேன். பென்சால்டிகைடு மூலக்கூறுகளை இரண்டிரண்டாக இணைத்துப் பென்சைல் பென்சோயேட் ஆக்கும் டிஷ்செங்கோ வினைக்கு 1 மோல் சதவீத அளவில் (நூறு ஆல்டிகைடு மூலக்கூறுக்கு ஒரு வினையூக்கி மூலக்கூறு) சேர்க்கிறோம்.

சென்ற ஆண்டு வாங்கிய புட்டி, வந்த நாள் முதல் குளோவ் பாக்ஸுக்குள்தான் (காற்றுப் புகாத, பொருத்திய கையுறைகள் வழியாக வேலை செய்யும் பெட்டி) இருக்கிறது. பெட்டியின் மீட்டர் ஆக்சிஜனையும் ஈரத்தையும் எப்போதும் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழேதான் காட்டுகிறது. தூளும் வாங்கியபோது இருந்த அதே வெள்ளை. ஆனால் முன்பு ஓர் இரவில் முடிந்த வினை இப்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது. புதிய புட்டிக்கு விலையும் அதிகம், வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். "கெட்டுவிட்டது என்பதற்கு ஆதாரம் காட்டு, வாங்கித் தருகிறேன்" என்கிறார் நெறியாளர். எந்த ஆதாரத்தைக் காட்டுவது? கெட்டதுதான் என்றால் மிச்சத் தூளை எப்படி அழிப்பது?

சுழல்குடுவை எழுதியது:

புட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். பென்சால்டிகைடைக் கடைசியாகக் காய்ச்சி வடித்தது எப்போது? அது எந்தப் புட்டியில், எதன் கீழ் இருக்கிறது?

நீலகிரியான் எழுதியது:

மீட்டர் 1 பிபிஎம்முக்குக் கீழே காட்டுகிறது என்றால் தூள் கெட வாய்ப்பே இல்லை. நான்கு ஆண்டுகளாக இட்ரியம், லாந்தனம் சேர்மங்களைப் பெட்டிக்குள் வைத்துத்தான் வேலை செய்கிறேன். பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. கலக்கும் வேகத்தையும் வெப்பநிலையையும் சரிபாருங்கள்.

எழில்வேதி எழுதியது:

ஐயா, பென்சால்டிகைடு பொது அலமாரியில் இருக்கும் பழுப்புப் புட்டி. யார் எப்போது வடித்தார்கள் என்ற குறிப்பு அதன் மேல் இல்லை. பெட்டிக்குள் கொண்டுபோவதற்கு முன் மூலக்கூறு சல்லடை போட்டு உலர்த்துகிறோம்.

சுழல்குடுவை எழுதியது:

அப்படியென்றால் கணக்கை உட்கார்ந்து போட்டுவிடுவோம். இந்த வேலையில் கணக்குதான் கண்.

அரை மில்லிமோல் பென்சால்டிகைடு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 மோல் சதவீதம் என்றால் 5 மைக்ரோமோல் வினையூக்கி, அதாவது சுமார் 3.1 மில்லிகிராம். மூலக்கூறு எடை 620 என்பதால் இவ்வளவுதான் வரும். தராசுத் தட்டில் தெரிந்தும் தெரியாமலும் கிடக்கும் அளவு.

பென்சால்டிகைடு காற்றில் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து பென்சாயிக் அமிலம் ஆகும். பழைய புட்டியின் கழுத்தில் வெள்ளையாகப் படிகம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் அது. உங்கள் ஆல்டிகைடில் 1 மோல் சதவீதம் அமிலம் இருந்தால், அந்த அரை மில்லிமோலுக்குள் 5 மைக்ரோமோல் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. வினையூக்கி எத்தனையோ அமிலமும் அத்தனை. லாந்தனத்தோடு ஒட்டியிருக்கும் மூன்று அமைடு தொகுதிகளில், அதாவது மூன்று கைகளில், ஒன்று போட்டவுடனேயே போய்விடும். 3 சதவீதம் இருந்தால் மூன்றும் போய்விடும், மிஞ்சுவது லாந்தனம் பென்சோயேட். அது உங்கள் வினையை நடத்தாது. மூலக்கூறு சல்லடை தண்ணீரை எடுக்கும், அமிலத்தை அப்புறப்படுத்த அதை நம்ப முடியாது.

அடுத்தது கரைப்பான். 50 பிபிஎம் ஈரமுள்ள டொலுயீன் 1 மில்லிலிட்டர் ஊற்றினால் உள்ளே வரும் தண்ணீர் சுமார் 2.4 மைக்ரோமோல். ஒரு தண்ணீர் மூலக்கூறில் பிடுங்கிக்கொடுக்க இரண்டு புரோட்டான்கள் உண்டு. ஆகவே மொத்தம் இருக்கும் 15 மைக்ரோமோல் அமைடு தொகுதிகளில் 4.8 வரை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது நீலகிரியான் சொன்ன மீட்டருக்கு வருவோம். 25 மில்லிலிட்டர் வாயுவில் மொத்தமே சுமார் 1 மில்லிமோல் மூலக்கூறுகள். பெட்டிக்குள் ஈரம் 100 பிபிஎம் வரை ஏறிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், புட்டியின் மேல்வெளியில் மாட்டும் தண்ணீர் 0.1 மைக்ரோமோல்தான். மூடிய புட்டியைப் பெட்டியின் வாயு கொல்வதைவிட, நீங்கள் கையோடு கொண்டுவரும் திரவம் கொல்வதே மிக அதிகம். மீட்டரைப் பார்த்து நிம்மதி அடைவதில் உள்ள ஆபத்து இதுதான்: அது அளப்பது பெட்டியை, உங்கள் குடுவையை அல்ல.

நீலகிரியான் எழுதியது:

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஆனால் நீங்கள் சொல்வதும் என் பக்கத்தைத்தான் உறுதிப்படுத்துகிறது. தூள் நன்றாகவே இருக்கிறது, ஆல்டிகைடுதான் குற்றவாளி.

சுழல்குடுவை எழுதியது:

அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது. மூடிய புட்டி என்றுதான் சொன்னேன். வாரத்துக்குப் பல முறை திறந்து மூடும் புட்டி வேறு கதை. தவிர, மீட்டருக்குத் தெரிந்தவை ஆக்சிஜனும் தண்ணீரும் மட்டுமே. அதே பெட்டியில் பக்கத்தில் ஒருவர் ஐசோபுரொப்பனால் எடுத்தால், பீனால் நிறுத்தால், டைஎத்திலமீன் புட்டியைத் திறந்துவைத்தால், அந்த ஆவி எதையும் மீட்டர் காட்டாது. லாந்தனம் அமைடுக்கு அவை எல்லாமே புரோட்டான் கொடுப்பவை. ஐந்தாறு பேர் பங்குபோடும் பெட்டியில் இந்தத் தூளைத் திறக்கும் முன் வாயுச் சுழற்சியை நிறுத்தி, பெட்டியை நைட்ரஜனால் நன்றாக அலசிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பேன். எங்கள் ஆலை ஆய்வகத்தில் அமைடுகளுக்கென்று தனிப் பெட்டியே வைத்திருக்கிறோம்.

ரைன்நதி எழுதியது:

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன், அருமண் (லாந்தனமும் அதன் உறவு உலோகங்களும்) அமைடுகளில்தான் என் முழு வேலையும். எழில்வேதி கேட்ட "ஆதாரம்" பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

இந்தச் சேர்மக் குடும்பத்தை 1972-இல் லண்டனில் பிராட்லி, கோத்ரா, ஹார்ட் ஆகியோர் வெளியிட்டார்கள். அதன் அழகே அதன் அமைப்பில்தான் இருக்கிறது. லாந்தனம் அயனி பெரியது, தண்ணீரில் போட்டால் ஒன்பது தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்ளும். அப்படிப்பட்ட அயனியைச் சுற்றி இங்கே மூன்றே மூன்று நைட்ரஜன்கள். திடநிலையில் அந்த மூன்றும் விரித்த குடையின் கம்பிகள்போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், பருத்த சிலைல் தொகுதிகள் மற்றவர்களை நெருங்க விடாது. இந்த நெரிசலால்தான் அது மூன்று கைகளோடு நிற்க முடிகிறது, பென்டேனிலும் டொலுயீனிலும் கரைகிறது, நல்ல வெற்றிடத்தில் 100 டிகிரி அளவில் பதங்கமாகிறது. ஆனால் மெலிந்த மூலக்கூறுகளை அந்த நெரிசல் தடுக்காது. தண்ணீர், ஆல்கஹால், அமிலம் எல்லாம் இடையில் நுழைந்துவிடும். நுழைந்ததும் ஆக்சிஜனைப் பிடித்த லாந்தனம் அதை விடாது. அமைடு தொகுதி ஹெக்சாமெத்தில்டைசிலசேன் என்ற அமீனாகக் கழன்று வெளியே வரும்.

இதே தொடரில் நியோடிமியம் வெளிர்நீலம், பிரசியோடிமியம் வெளிர்பச்சை, சீரியம் மஞ்சள், யூரோப்பியம் ஆரஞ்சு. இந்த நிறங்களையெல்லாம் தருபவை எஃப் எலக்ட்ரான்கள். லாந்தனத்தில் எஃப் எலக்ட்ரானே இல்லை, ஆகவே அமைடும் வெள்ளை. அது கெட்டு உண்டாகும் ஹைட்ராக்சைடும் வெள்ளை. அதனால்தான் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளையாக இருப்பதை ஓர் ஆதாரமாக யாரும் ஏற்கக் கூடாது.

ஆதாரத்துக்கு இரண்டு வழிகள். எளியது முதலில்: பெட்டிக்குள், நன்றாக உலர்ந்த பென்டேனில் அல்லது டொலுயீனில் தூளைக் கொஞ்சம் கரையுங்கள். நல்ல அமைடு தெளிவாகக் கரையும். ஹைட்ராக்சைடு கரையாது, கலங்கலாக நிற்கும். விளக்கைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கலங்கல் தெரிந்தால் கெட்டது இருக்கிறது, அல்லது தயாரிப்பிலேயே தங்கிவிட்ட லித்தியம் குளோரைடு இருக்கிறது. ஆனால் தெளிவாகக் கரைந்ததை வைத்து முழுக்க நல்லது என்று சொல்லிவிட முடியாது. பாதி வினைபுரிந்த கொத்துகள் சில கரைந்தே இருக்கும்.

இரண்டாவது என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலை. டியூட்டீரியம் பென்சீனில் டெஃப்லான் வால்வு உள்ள குழாயில் எடுங்கள். லாந்தனம் அமைடின் ஐம்பத்து நான்கு ஹைட்ரஜன்களும் ஒரே மாதிரி என்பதால் கூர்மையான ஒரே ஒரு சிகரம் வரும். கழன்றுபோன ஹெக்சாமெத்தில்டைசிலசேன் 0.1 பிபிஎம் (இங்கே இது நிறமாலையில் சிகரத்தின் இடத்தைக் குறிக்கும் அலகு, ஈரத்தின் அளவல்ல) அருகே தனிச் சிகரமாக நிற்கும். எடை தெரிந்த ஃபெரோசீனை உள்ளே போட்டு ஒப்பிட்டால், நிறுத்த தூளில் எத்தனை சதவீதம் உண்மையான அமைடு என்ற எண்ணே கிடைத்துவிடும். உங்கள் நெறியாளர் கேட்கும் ஆதாரம் அதுதான். ஃபெரோசீன் இல்லாமல் இரண்டு சிகரங்களை மட்டும் ஒப்பிடுவதில் ஓர் ஓட்டை உண்டு. கழன்ற அமீன் ஆவியாகிப் போய்விட்டால் ஹைட்ராக்சைடு மட்டும் தூளில் தங்கும், என்எம்ஆரில் தெரியவே தெரியாது. எடைக்கணக்கு இருந்தால்தான் அந்தக் குறை வெளியே வரும்.

ஷ்லெங்க்தம்பி எழுதியது:

எங்கள் கல்லூரியில் குளோவ் பாக்ஸ் இல்லை, ஒரு ஷ்லெங்க் லைன் (குடுவையை வெற்றிடத்துக்கும் நைட்ரஜனுக்கும் மாற்றி மாற்றித் திறக்கும் கண்ணாடிக் குழாய் அமைப்பு) மட்டும்தான். இந்த வினையூக்கியை நாங்கள் தொடவே முடியாதா? சமேரியம் டைஅயோடைடை மட்டும் லைனிலேயே வெற்றிகரமாகச் செய்திருக்கிறோம்.

ரைன்நதி எழுதியது:

சமேரியம் டைஅயோடைடு உங்களுக்குப் பழகியிருப்பது நல்லது. 1977-இல் ககானும் அவருடைய குழுவினரும் அறிமுகப்படுத்திய அந்தக் கரைசல் டிஎச்எஃப்பில் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்) 0.1 மோலார், கருநீலம். ஆக்சிஜன் புகுந்தால் சமேரியம் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போய் மஞ்சளாகிவிடும். அது தன் நோயைத் தானே சொல்லும் சேர்மம். அதிலும் நீலம் மிச்சம் இருப்பதை நம்பிச் செறிவு அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அயோடினால் தரம்பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். லாந்தனம் அமைடு அந்த அளவுக்குக்கூடச் சொல்லாது.

சுழல்குடுவை எழுதியது:

தம்பி, லைனில் தாராளமாகச் செய்யலாம், ஆனால் திடப்பொருளை மில்லிகிராம் கணக்கில் லைனில் நிறுக்க முயலாதீர்கள். பெட்டி இருக்கும் அண்டை ஆய்வகத்தில் ஒரு நாள் இடம் கேளுங்கள். அங்கே மொத்தமாக நிறுத்து, டொலுயீனில் கரைத்து, டெஃப்லான் வால்வு உள்ள சின்னச் சின்ன ஆம்பூல்களில் பிரித்து மூடிக் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு வினைக்கும் ஓர் ஆம்பூல். திறந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். ரப்பர் செப்டம் (ஊசி குத்தி எடுக்கும் மூடி) போட்ட புட்டியில் டொலுயீன் கரைசலைச் சேமிப்பது வேண்டவே வேண்டாம். ரப்பர் டொலுயீனில் ஊறி உப்பும், ஊசி குத்திய துளை மூடாது, இரண்டு வாரத்தில் உள்ளே வெண்கலங்கல் இறங்கியிருக்கும்.

குடுவையைக் குறைந்தது மூன்று முறை வெற்றிடமாக்கி நிரப்புங்கள். வெற்றிடத்தில் இருக்கும்போதே வெப்பக்காற்றால் சூடு காட்டுங்கள், கண்ணாடிச் சுவரில் ஒட்டிய ஈரம் அப்போதுதான் கிளம்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் அடுப்பிலிருந்து எடுத்த குடுவை ஆறுவதற்குள்ளேயே ஈரத்தை வாங்கிவிடுகிறது. சூடாக எடுத்துச் சூடாகவே லைனில் மாட்ட வேண்டும்.

கரைப்பான் சரியாக உலர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சோடியம் பென்சோபீனோன் கீட்டைல் ஒரு துளி போதும். 10 மில்லிலிட்டர் கரைப்பானில் விட்டதும் ஊதா நின்றால் சரி, மறைந்தால் அந்தக் கரைப்பானைத் தொடாதீர்கள்.

கவசம் எழுதியது:

ஆய்வகப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். லைன் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய டிராப்போடு (ஆவிகளைக் குளிர்வித்துப் பிடிக்கும் கண்ணாடிக் கலம்) வேலை செய்யும்போது லைன் வழியாகக் காற்று இழுபடக் கூடாது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, ஆக்சிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். டிராப்பின் அடியில் கரைப்பானும் அதன் மேல் திரவ ஆக்சிஜனும் சேர்ந்தால் அது வெடிபொருள். டிராப்பில் வெளிர்நீலத் திரவம் தெரிந்தால் திரவ நைட்ரஜன் குடுவையை விலக்காதீர்கள், லைனை மூடாதீர்கள். அறையைக் காலி செய்யுங்கள், பொறுப்பாளரை அழையுங்கள். ஆர்கான் லைன் வைத்திருப்பவர்களும் கேளுங்கள்: ஆர்கான் மைனஸ் 186-இல் திரவமாகும். டிராப்புக்குள் அது சேர்ந்து, குளிர் குறைந்ததும் வாயுவாகப் பெருகிக் கண்ணாடியை உடைக்கும்.

லாந்தனம் அமைடு தெர்ஷியரி பியூட்டைல்லித்தியம் போலக் காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருள் இல்லை என்று சிலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது கிடக்கும் சூழலைப் பாருங்கள். பென்டேனிலும் டொலுயீனிலும்தான் அது எப்போதும் இருக்கிறது. ஈரம் பட்டால் சூடு கிளம்பும், வெளியேறும் ஹெக்சாமெத்தில்டைசிலசேன் தானே எளிதில் தீப்பற்றும் திரவம், மேலும் ஈரம் பட்டால் அதிலிருந்து அம்மோனியா வரும். தூள் கண்ணிலோ மூச்சிலோ பட்டால் அங்குள்ள ஈரத்தோடு வினைபுரிந்து காரமாகிப் புண்ணாக்கும்.

2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஷெரி சங்ஜி என்ற 23 வயது உதவியாளர் தெர்ஷியரி பியூட்டைல்லித்தியத்தைப் பிளாஸ்டிக் சிரிஞ்சால் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் உட்தண்டு கழன்று வெளியே வந்தது, திரவம் தீப்பிடித்தது. அவர் ஆய்வகக் கோட்டு அணிந்திருக்கவில்லை, மேலே இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். 2009 ஜனவரி 16 அன்று இறந்துபோனார். வேறு சேர்மம்தான். ஆனால் காற்றுக்கு ஆகாத பொருளை ஊசியால் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சாவு சொல்ல வேண்டியதைச் சொல்கிறது என்று நான் நினைக்கிறேன். பருத்தி உடை, அதன் மேல் தீ தாங்கும் கோட்டு, கண் கவசம், அருகில் உலர்மணல், பக்கத்தில் விஷயம் தெரிந்த இன்னொருவர். தனியாக இரவில் இந்த வேலை வேண்டாம். சிரிஞ்சு எடுத்தால் அதன் கொள்ளளவில் பாதிக்குச் சற்று மேல் வரைதான் நிரப்ப வேண்டும். அதற்கு மேல் அளவு தேவைப்பட்டால் கேனுலா (இரு முனையும் கூரான நீண்ட மாற்றுக்குழாய்).

ஷ்லெங்க்தம்பி எழுதியது:

நன்றி அக்கா, நன்றி ஐயா. ஆம்பூல் யோசனையை எங்கள் பேராசிரியரிடம் இன்றே சொல்கிறேன்.

நீலகிரியான் எழுதியது:

கவசம் சொன்னதோடு, பெட்டிக்குள் செய்யும் வேலையிலும் ஒரு விஷயம். உலர்ந்த நைட்ரஜனில் இந்தத் தூள் நிலைமின்சாரம் ஏறிப் பறக்கும். ஸ்பாட்டுலாவை நீட்டினால் தூள் துள்ளிக் கையுறையில் ஒட்டிக்கொள்ளும். 3 மில்லிகிராம் நிறுக்கும் இடத்தில் அரை மில்லிகிராம் பறந்தால் என்ன ஆகும் என்று சுழல்குடுவை ஐயாவின் கணக்கிலேயே தெரியும். நாங்கள் எப்போதும் 50, 60 மில்லிகிராமாக நிறுத்து, டொலுயீனில் இருப்புக் கரைசல் செய்து, அதிலிருந்து கண்ணாடி மைக்ரோசிரிஞ்சால் எடுக்கிறோம். காகிதத்தில் நிறுக்கவே மாட்டோம். காகிதம் தனக்குள் ஈரம் வைத்திருக்கும். துடைக்கும் காகிதங்களையும் ரப்பர் பல்புகளையும் இரவு முழுவதும் வெற்றிடத்தில் வைக்காமல் பெட்டிக்குள் கொண்டுவரக் கூடாது.

எழில்வேதி எழுதியது:

நீங்கள் சொன்ன சோதனைகளை எல்லாம் செய்தோம், முடிவைப் பதிவிடுகிறேன்.

பென்சால்டிகைடைச் சோடியம் பைகார்பனேட் கரைசலால் கழுவியபோது நுரைத்துப் பொங்கியது. கழுவிய நீரை அமிலமாக்கியதும் வெள்ளைப் படிவு இறங்கியது, அதாவது பென்சாயிக் அமிலம். உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் கீழ் வடித்து, மூன்று முறை உறைய வைத்து வாயு நீக்கினோம். வடித்ததை அன்றே பெட்டிக்குள் கொண்டுபோனோம்.

தூளைப் பென்டேனில் கரைத்தபோது லேசான கலங்கல் இருந்தது. ஃபெரோசீனோடு எடுத்த என்எம்ஆரில் நிறுத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் அமைடு. ஆக, தூளும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆல்டிகைடும் கெட்டிருக்கிறது. பழைய தூளையே புதிதாக வடித்த ஆல்டிகைடோடு போட்டபோது வினை இரவுக்குள் முடிந்துவிட்டது.

இப்போது நெறியாளர் புதிய கேள்வி கேட்கிறார்: புதிய புட்டி வாங்குவதைவிட நாமே தயாரித்துக்கொண்டால் என்ன?

சுழல்குடுவை எழுதியது:

தயாரிக்கலாம், தயாரிக்கவும் வேண்டும் என்பேன். தன் வினையூக்கியைத் தானே செய்தவருக்கு அதன் குணம் கைக்குள் வந்துவிடும். ஆனால் இப்போதைக்கு மிச்சமிருக்கும் தூளைப் பதங்கமாக்குங்கள். ஐந்தில் நான்கு பங்கு நல்லது இருக்கும்போது அதை எதற்காகக் கொட்ட வேண்டும்? நல்ல வெற்றிடத்தில், 100 டிகிரிக்கு மேல் போகாமல், மெதுவாகச் சூடாக்குங்கள். அமைடு குளிர்விரலில் (கலத்துக்குள் நீட்டியிருக்கும் குளிரூட்டிய குழாய்) வெள்ளைப் படிகமாக ஏறும், ஹைட்ராக்சைடும் உப்புகளும் அடியிலேயே தங்கும். முடிந்ததும் நைட்ரஜன் நிரப்பி, பெட்டிக்குள் கொண்டுபோய்ச் சுரண்டுங்கள்.

ரைன்நதி எழுதியது:

தயாரிப்பில் தவறு நடக்கும் இடம் முதல் படியிலேயே இருக்கிறது. லாந்தனம் குளோரைடு ஏழு தண்ணீர் மூலக்கூறுகளோடு கிடைக்கும் உப்பு. அதை வெறுமனே சூடாக்கி நீரை விரட்டப் பார்த்தால் தண்ணீரோடு ஹைட்ரஜன் குளோரைடும் கிளம்பி, லாந்தனம் ஆக்சிகுளோரைடு மிஞ்சும். அதுவும் வெள்ளை! அம்மோனியம் குளோரைடை மிகுதியாகச் சேர்த்து, வெற்றிடத்தில் படிப்படியாகச் சூடேற்றி, கடைசியில் அம்மோனியம் குளோரைடு முழுவதையும் பதங்கமாக்கி வெளியேற்றினால்தான் சுத்தமான நீரற்ற குளோரைடு கிடைக்கும். முடியாதவர்கள் நீரற்றதையே மூடிய ஆம்பூலில் வாங்கிவிடலாம்.

அடுத்து, அந்தக் குளோரைடோடு டிஎச்எஃப்பில் பொட்டாசியம் அல்லது லித்தியம் பிஸ்-ட்ரைமெத்தில்சிலைல் அமைடு மூன்று பங்கு. நான் மூன்றுக்குச் சற்றுக் குறைவாகவே, 2.9 அளவில், போடுவேன். மிஞ்சும் லாந்தனம் குளோரைடு பென்டேனில் கரையாது, வடிகட்டினால் போய்விடும். பொட்டாசியம் அல்லது லித்தியம் அமைடு மிஞ்சினால் அது பென்டேன் வழியாகவும் கூடவே வந்து, லாந்தனத்தோடு ஒட்டி "ஏட்" சேர்மம் என்ற பெயரில் உங்கள் வினையில் தன் வேலையைக் காட்டும். பிறகு எந்த முடிவு லாந்தனத்தால் வந்தது, எது பொட்டாசியத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. டிஎச்எஃப்பை முழுவதும் நீக்கி, பென்டேனில் எடுத்து, வடிகட்டி, குளிரில் படிகமாக்கி, முடிந்தால் பதங்கமும் ஆக்கிவிடுங்கள்.

நீலகிரியான் எழுதியது:

நைட்ரஜன் போதுமா, ஆர்கான் வேண்டுமா? எங்கள் ஆய்வகத்தில் இதைப் பற்றித் தினமும் வாக்குவாதம்.

ரைன்நதி எழுதியது:

தூளைச் சேமிக்க, நிறுக்க, டிஷ்செங்கோ வினைக்கு எல்லாம் நைட்ரஜன் போதும். மூன்றாம் நிலையில் இருக்கும் லாந்தனம் நைட்ரஜனைச் சீண்டாது. ஆனால் அதே அமைடோடு பொட்டாசியம் அல்லது பொட்டாசியம் கிராஃபைட் சேர்த்து ஒடுக்கினால் (எலக்ட்ரான் ஏற்றினால்) கதையே மாறிவிடும். அமெரிக்காவில் எவான்ஸ் குழுவினர் இந்த அமைடுகளையே நைட்ரஜன் கீழ் ஒடுக்கி, நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அருமண் அயனிகளுக்கு நடுவே பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு நைட்ரஜன் ஒரு வினைபொருள். ஒடுக்கம் செய்யும் நாளில் ஆர்கானுக்கு மாறிவிடுங்கள்.

எழில்வேதி எழுதியது:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. பதங்கத்துக்குப் பிறகு அடியில் மிஞ்சும் கசடையும், ஆம்பூல்களில் ஒட்டியிருப்பதையும் எப்படி அழிப்பது? எங்கள் ஆய்வகத்தில் சிலர் நேராகக் காற்றில் திறந்து வைத்துவிடுகிறார்கள்.

கவசம் எழுதியது:

திறந்து வைப்பது வேண்டாம், எழில்வேதி. கசடைக் காய்ந்த டொலுயீனில் நிறைய நீர்க்கச் செய்து, நைட்ரஜன் கீழேயே புகைபோக்கி அறைக்குள் கொண்டுவாருங்கள். பனிக்கட்டிக் குளியலில் வைத்து, கலக்கிக்கொண்டே, ஐசோபுரொப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சூடு அடங்கிய பிறகு மெத்தனால், அதன் பிறகே தண்ணீர். தண்ணீர் விட்டதும் லாந்தனம் ஹைட்ராக்சைடு பாலாகத் திரளும், அம்மோனியா வாடையும் வரலாம், ஆகவே புகைபோக்கியின் கண்ணாடியைத் தாழ்த்தியே வைத்திருங்கள். நைட்ரஜன் வெளியேறும் குமிழிக் குழாய் கடைசி வரை திறந்திருக்க வேண்டும். குடுவையை எந்தக் கட்டத்திலும் இறுக மூடக் கூடாது.

வாயு வருவது நின்ற பிறகும் கழிவைக் கழிவுப் புட்டியில் ஊற்றி உடனே திருகி மூடாதீர்கள். ஹெக்சாமெத்தில்டைசிலசேன் தண்ணீரோடு மெதுவாகத்தான் சிதையும், அம்மோனியா மறுநாள்கூட வரும். ஓர் இரவு புகைபோக்கிக்குள் தளர்ந்த மூடியோடு வைத்து, மறுநாள் மூடி, மேலே "லாந்தனம், டொலுயீன், ஆல்கஹால், சிலிக்கான் அமீன்" என்று எழுதி, தேதியும் போடுங்கள். அமிலக் கழிவுப் புட்டியிலும் குளோரோபார்ம் கழிவுப் புட்டியிலும் சேர்க்காதீர்கள். ஆம்பூல்களையும் ஸ்பாட்டுலாவையும் இதே வரிசையில் ஐசோபுரொப்பனால், தண்ணீர், கடைசியில் நீர்த்த அமிலம் என்று கழுவினால் கண்ணாடியில் ஒட்டிய வெள்ளைப் படிவும் போய்விடும். துடைத்த காகிதத்தைக் குப்பைத் தொட்டியில் போடுவதற்கு முன் அதையும் ஐசோபுரொப்பனாலில் நனைத்து, புகைபோக்கிக்குள் உலரவிடுங்கள்.